செல்லங்களில் ஒரு செல்லம்: பல பிராணிகள் வளரும் வீட்டின் கணக்கு

நாலு பிராணிகளை வளர்த்துக்கொண்டு "எனக்கு எல்லாமே ஒண்ணுதான்" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. செருப்புச் சத்தம் கேட்டதுமே வாலால் வீட்டையே பெருக்கும் ஒன்றும், கட்டிலுக்கடியிலிருந்து கண்ணை மட்டும் காட்டும் இன்னொன்றும் ஒரே அளவு பிடிக்க வாய்ப்பே இல்லை. பிடித்தது ஒன்று இருக்கட்டும், அதில் குற்றமில்லை. அந்தப் பிரியம் சோற்றுத் தட்டுக்கும் வைத்தியத்துக்கும் பரவும்போதுதான் சிக்கல். அதிலும் அதிகம் அடிபடுவது பிடிக்காத பிராணி மட்டுமல்ல, பல வீடுகளில் பிடித்த பிராணிதான்.

பேச வசதியாக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். ஒரு லாப்ரடார், தெருவிலிருந்து குட்டியாக வந்த ஒரு நாட்டு நாய், இரண்டு பூனைகள். பூனைகளில் ஒன்று மடியை விட்டு இறங்காது. மற்றது ஆளைக் கண்டால் பரணுக்கு ஏறிவிடும்.

பரணுக்கு ஏறும் பூனைக்கு நம் மேல் வன்மம் எதுவும் கிடையாது. பூனைக்குட்டி மனிதக் கைக்குப் பழகும் பருவம் ஏறக்குறைய 2-ஆவது வாரத்தில் தொடங்கி 7-ஆவது வாரத்தோடு முடிந்துவிடுகிறது. நாய்க்குட்டிக்கு அது சுமார் 3 முதல் 12 வாரம் வரை. மூன்று மாதம் மொட்டை மாடியில் தாயோடு வளர்ந்துவிட்டு வீட்டுக்குள் வந்த பூனை, பாசமாக இருந்தாலும் அதைத் தூரத்திலிருந்துதான் காட்டும். 2017-இல் தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினர் 2,802 பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, அவற்றின் குணத்தை ஐந்து அளவுகளில் பிரித்தார்கள்: பயம், துறுதுறுப்பு, மற்ற பூனைகளை அடக்கப் பார்ப்பது, திடீர்ப் போக்கு, மனிதரோடு இணக்கம். நமக்குச் செல்லமாக அமைவது பெரும்பாலும் கடைசி அளவில் மேலே இருக்கும் பூனை. பயத்தில் மேலே இருப்பதற்குத் தேவை கொஞ்சல் இல்லை, ஒளிந்துகொள்ள இடமும் உயரமும்தான். அதை இழுத்து மடியில் வைத்து "உன்னையும் கொஞ்சுறேன் பாரு" என்று சமநீதி செய்தால், மறுநாள் இன்னும் உயரமான இடம் தேடும்.

நாய்களைப் பொறுத்தவரை, இனத்தை வைத்துக் குணம் சொல்வதில் அவ்வளவு பலமில்லை. 2022-இல் வெளிவந்த ஒரு பெரிய மரபணு ஆய்வின்படி, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான். ஆனாலும் ஒரு விலக்கு சொல்லியாக வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து, ஓடும் இரையைத் துரத்தப் பழக்கப்பட்ட வேட்டை நாய்கள். கூடத்தில் பூனை நடந்தால் சும்மா இருப்பது, அது ஓடினால் பாயலாம். அந்த வீடுகளில் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டையும் ஒன்றாக விடக்கூடாது.

பாரபட்சம் அவற்றுக்குத் தெரியுமா

ஓரளவு தெரியும். வியன்னாவில் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஃப்ரீடெரிக்கே ரேஞ்சும் சகாக்களும் நடத்தி 2009-இல் அச்சான சோதனை இது: இரண்டு நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் கை கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றுக்குத் தின்பண்டம் கொடுத்து மற்றதுக்குக் கொடுக்காமல் விட்டபோது, கிடைக்காத நாய் சீக்கிரமே கை கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஒன்றுக்கு ரொட்டியும் மற்றதுக்கு இறைச்சியும் கொடுத்தபோது இரண்டும் கண்டுகொள்ளவில்லை. பின்னாளில் கூட்டமாக வளர்ந்த நாய்களை வைத்துச் செய்த சோதனையில் தர வித்தியாசமும் உறைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டு நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: இரண்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். செல்லத்துக்குத் தனியாகக் கொடுக்க ஆசையாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டுக் கொடுங்கள்.

யாருக்கு முதலில் என்பது அடுத்த கேள்வி. "தலைவன் நாய்க்கு முதலில் போடணும்" என்ற பழைய அறிவுரையை நான் பொருட்படுத்துவதில்லை. எந்த வரிசை என்பது முக்கியமல்ல, அது தினமும் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். தன் முறை வரும் என்று தெரிந்த நாய் காத்திருக்கும். தெரியாத நாய் அடுத்ததன் தட்டில் மூக்கை விடும்.

முறைக்குக் காத்திருக்க, ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரைப் பழக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றையும் தனி அறையில் வைத்து, பெயரைச் சொன்னதும் சுண்டுவிரல் நகம் அளவு வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. ஒரு தடவைக்குப் பத்துத் துண்டு, காலையும் மாலையும். பெயர் கேட்டதும் தலை திரும்புகிற நிலை வந்தபின் இரண்டையும் இரண்டு மீட்டர் இடைவெளியில் உட்காரவைத்து, ஒன்றின் பெயரைச் சொல்லி அதற்குக் கொடுத்து, உடனே அடுத்ததன் பெயரைச் சொல்லி அதற்கும் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு நொடிக்கு மேல் போகக்கூடாது, பிறகு மெல்ல நீட்டலாம். இது சொதப்புவது பெரும்பாலும் நம்மால்தான். எல்லாவற்றையும் "பட்டு", "தங்கம்", "செல்லம்" என்று கூப்பிடும் வீட்டில் எந்தப் பிராணிக்கும் பெயர் கிடையாது. டாமி, ரோமி என்று ஒரே ஓசையில் முடியும் பெயர்களும் குழப்பும்.

தட்டு

லாப்ரடாருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அது பார்க்கும் பார்வைக்கு ஒரு மரபணுக் காரணம் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டபடி, லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் வழியில் ஒரு மரபணுத் துண்டு விடுபட்டிருக்கிறது. அது கெஞ்சுகிறது, அதனால் நமக்குப் பிடிக்கிறது, அதனால் கொடுக்கிறோம், அதனால் கொழுக்கிறது.

தின்பண்டம் நாள் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. கருத்தடை செய்த, அதிகம் ஓடாத 30 கிலோ லாப்ரடாருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,300 கலோரி போதும். 15 கிலோ நாட்டு நாய்க்குச் சுமார் 850. 4 கிலோ வீட்டுப் பூனைக்கு 240 சொச்சம். ஒரு மேரி பிஸ்கட் ஏறத்தாழ 25 கலோரி. ஆக லாப்ரடாருக்கு ஐந்து, நாட்டு நாய்க்கு மூன்று, பூனைக்கு ஒன்று, அதுவும் வேறு எதுவும் கொடுக்காத நாளில். பூனைக்கு அரை முட்டை கொடுத்தாலே அன்றைய கணக்கு தாண்டிவிடும். வீட்டில் நாலு பேர் இருந்து நாலு பேரும் "நான் ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தேன்" என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. காலையிலேயே அன்றைய பங்கை ஆளுக்கொரு டப்பாவில் போட்டுப் பெயர் ஒட்டி வைத்துவிடுங்கள். டப்பா காலியானால் கடை மூடியாகிவிட்டது.

மிச்சமான சாம்பார் சாதம் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் உடைக்கும், பூனைக்கு இன்னும் சீக்கிரமாக. பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

பூனையின் தட்டைத் தரையில் வைத்தால் அது லாப்ரடாரின் தட்டு. ஃப்ரிட்ஜ் மேலோ, பரணிலோ, ஜன்னல் திண்டிலோ வையுங்கள். நாய்த் தீவனத்தையே பூனைக்கும் போடுவது வேறு வகைப் பாரபட்சம். பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே வர வேண்டும், நாய்த் தீவனத்தில் அதற்கு வேண்டிய அளவு இருக்கும் என்ற உறுதியில்லை. மாதக்கணக்கில் இப்படிப் போனால் கண்ணும் இதயமும் கெடும். தயிர் சாதத்திலேயே வளரும் பூனைக்கும் இதே கதிதான்.

லிட்டர் ட்ரேயின், அதாவது பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டின் கணக்கு, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியது. இரண்டு பூனைக்கு மூன்று ட்ரே. மூன்றையும் குளியலறையில் வரிசையாக அடுக்கினால் பூனைக்கு அது ஒரே ட்ரேதான், தைரியமான பூனை வாசலில் படுத்துக்கொண்டால் பயந்த பூனைக்கு வழியில்லை. அப்புறம் அது சோபாவில் போகும், பழியும் அதன் மேலேயே விழும்.

மடிக்குக் காவல்

செல்லமான நாய் கொஞ்ச நாளில் நம்மையே தன் எலும்பாக நினைக்க ஆரம்பிக்கலாம். சோபாவில் நம் பக்கத்தில் இருக்கும்போது நாட்டு நாய் வந்தால் முதலில் உடம்பு விறைக்கும், வாய் மூடிக்கொள்ளும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும். உறுமல் இதற்கெல்லாம் பிறகுதான். உறுமியதற்குத் திட்டவோ அடிக்கவோ செய்தால் அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். திட்டாமல் எழுந்து அறையை விட்டுப் போய்விடுங்கள். காக்க வேண்டிய பொருளே நடந்து போய்விட்டால் காவலுக்கு வேலையில்லை.

அது அந்த நேரத்துக்கான வழி. நிரந்தர வழிக்கு ஆளுக்கொரு பாய், ஒன்றரை மீட்டர் இடைவெளியில். இரண்டாவது நாய் அறைக்குள் வந்தவுடன் முதல் நாயின் பாயில் தின்பண்டம் விழ வேண்டும், வெளியே போனதும் நிற்க வேண்டும். வரிசை முக்கியம். மற்றவன் வந்தபின் தின்பண்டம் வந்தால், அவன் வரவு நல்ல சேதி. முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அது எதையும் கற்றுக்கொள்ளாது. ஏற்கெனவே இரத்தம் வரும்படி கடித்திருந்தாலோ, வயதான நாய் திடீரென்று சீற ஆரம்பித்தாலோ பயிற்சியைத் தள்ளிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டு வலியோ காது வலியோ இருக்கலாம்.

தொடாத பிராணி

எனக்கு இதில் மிகக் கவலை தரும் பகுதி இதுதான். கொஞ்சுவது ஒரு பரிசோதனை. மடிப் பூனையைத் தினமும் தடவுகிறோம், கட்டி இருந்தால் கை சொல்லிவிடும். லாப்ரடாரின் காதைக் கோதும்போதே உண்ணி அகப்படும். ஓரமாகப் படுத்திருக்கும் நாட்டு நாயை யார் தொடுகிறார்கள்? "அது உரமான ஜாதி, ஒண்ணும் ஆகாது" என்பதே பேச்சு. உண்ணி ஜாதி பார்ப்பதில்லை. உண்ணிக் காய்ச்சலில் முதலில் தெரிவது சோர்வும், சாப்பாடு குறைவதும், ஈறு வெளுப்பதும்தான். கவனம் இல்லாத நாயில் இந்த மூன்றும் "அது எப்பவும் அப்படித்தான்" என்ற பேச்சில் அடங்கிப்போகும்.

அதனால் வாரம் ஒரு நாள் பிடிக்காத பிராணிக்கு ஐந்து நிமிடம். காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கில், வாலுக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். ஈற்றை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும்.

தொடவே விடாத பூனைக்குத் தராசும் ட்ரேயும்தான் கை. ஓர் அட்டைப் பெட்டியைத் தராசின் மேல் வைத்து உள்ளே தின்பண்டம் போட்டால் தானே ஏறும். பூனையைத் தூக்கிக்கொண்டு நாம் எடைபார்க்கும் மெஷினில் ஏறுவது போதாது, 50, 100 கிராம் வித்தியாசம் அதில் சரியாகப் பிடிபடாது. 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் அது 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம். ஆண் பூனை ட்ரேயில் முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் வெளியே வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், அடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பிக்கும். இரண்டு பூனைக்கும் பொதுவாக ஒரே கிண்ணம் வைத்திருந்தால் எது சாப்பிடவில்லை என்பதே தெரியாது.

மருந்துக் கடையில் கவனிக்க வேண்டியது ஒன்று. நாயின் முதுகில் விடும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு அது விஷம். பூனைக்கு நேராக விட்டால்தான் என்றில்லை. மருந்து காயாத நாயின் மேல் சாய்ந்து தூங்கினாலும், அதை நக்கினாலும் போதும், நடுக்கமும் வலிப்பும் வரும். நாயோடு ஒட்டி உறங்குவது எப்போதுமே அந்தப் பாசக்காரப் பூனைதான். பூனை உள்ள வீட்டுக்கு நாயின் உண்ணி மருந்தை மருத்துவரிடம் சொல்லி மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டு பூனைகளில் ஒன்றை மட்டும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பினால், வீட்டில் இருந்த பூனை அதைப் பார்த்துச் சீறலாம். கோபமில்லை, வாசனை மாறிவிட்டது. வந்த பூனையைச் சில மணி நேரம் தனி அறையில் வைத்து, வீட்டுப் பூனை படுத்த துணியால் அதன் கன்னத்தையும் முதுகையும் துடைத்துவிட்டு, பிறகு கதவைத் திறங்கள். மறுநாளும் சீறல் அடங்கவில்லை என்றால் புதுப் பூனையை அறிமுகம் செய்வது போலவே தொடங்க வேண்டும்: மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு, முதலில் கதவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. இரண்டும் நிமிராமல் சாப்பிடும் வேளைகளில் மட்டும் தட்டை ஒரு சாண் கதவுப் பக்கம் நகர்த்துங்கள். தட்டு கதவை ஒட்டி வந்து, நாலைந்து வேளை சத்தமில்லாமல் கழிந்த பிறகு ஒரு விரல் இடைவெளி திறக்கலாம்.