உரும்பிராய்க் கதியாலும் ஸ்காபரோ ராஸ்பெரியும்

மார்ச் கடைசி. கனடாவின் ஸ்காபரோவில் திடீரென்று 14 பாகை வெயில். ஜக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்ட்ரோபெரிக்குப் பாத்தி கொத்தப் பின்வளவுக்குப் போனேன். மண்வெட்டி நாலு விரற்கடை இறங்கியதும் ‘ணங்’ என்றது. எனக்குப் பழகின சத்தம்தான். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் கிணற்றடியில் அலவாங்கு போட்டால் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் இப்படித்தான் கத்தும். இங்கேயும் கல்லோ என்று குனிந்து துடைத்தேன். விரல் ஈரமாகியது. பனிக்கட்டி! வேலிக்கு அப்பால் நின்ற போர்த்துக்கல் கிழவர் தலையை ஆட்டி, "ஏப்ரல், ஏப்ரல்" என்றார்.

வட்சப்பில் சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. "மழை விழுந்தா வேலிக்குக் கதியால் தடி போடுறதுதானே மோனை, உதுக்கும் ஒரு பஞ்சாங்கமோ?"

பஞ்சாங்கம் கையில்தான் இருக்கிறது. ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பொத்த வேண்டும். களியாக ஒட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். உதிர்ந்தால் நடலாம். இங்கே ஸ்காபரோப் பக்கம் அது ஏப்ரல் நடுவில் வரும். மே நடுப்பகுதி வரை உறைபனி எட்டிப் பார்க்கும் என்பதால் தக்காளி, மிளகாய்க் கன்றுகளை மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தினம் வரை வீட்டுக்குள் வைத்திருப்போம். இந்தப் பெரி வகைகளுக்கு அந்தப் பயம் இல்லை. உறக்கம் கலையும் முன்னே நட்டால்தான் அவற்றுக்குச் சுகம்.

அந்த ஏப்ரலில் ராஸ்பெரி வந்து சேர்ந்தது. இலை இல்லை, சட்டி இல்லை, ஈரக் கடதாசியில் சுற்றிய வேர்களோடு ஒரு கட்டுத் தடி. மனைவி எட்டிப் பார்த்தா. "இஞ்சேருங்கோ, உந்த விறகையோ காசு குடுத்து வாங்கினீங்கள்?"

கிளுவையும் பூவரசும் வெறுந்தடியாக நட்டு வேலி வளர்த்த ஊரில் பிறந்தவ கேட்கிற கேள்வியா இது! வேரை ஒரு மணித்தியாலம் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டடிக்கு ஒன்றாக நட்டேன். ஸ்ட்ரோபெரி அதைவிடச் செல்லம். அதன் குருத்து மண் மட்டத்தில் சரியாக இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், மேலே நின்றால் வேர் காயும்.

இதெல்லாம் பரவாயில்லை. ஜூனில் காய்க்கிற ஸ்ட்ரோபெரி இனத்தை நட்ட முதல் வருடம், வருகிற பூவையெல்லாம் கிள்ளிவிட வேண்டுமாம். அப்போதுதான் பலம் முழுக்க வேருக்கும் கொடிக்கும் போகுமாம். எனக்குச் சொல்லியிருக்கக் கூடாத புத்திமதி. பூசணிப் பிஞ்சை நோக்கி விரல் நீட்டினாலே அழுகிவிடும் என்று கையில் அடித்த அம்மம்மாவிடம் வளர்ந்தவன் நான். பொழுதுபட்ட பிறகு பூவில் கை வைத்தால் வீடே திரும்பிப் பார்க்கும். வேலை முடிந்து வரவே பொழுதுபட்டுவிடும். இருபது கன்றுகளின் முன்னால் குந்தியிருந்து, திருடன்போல அக்கம்பக்கம் பார்த்துப் பார்த்துக் கிள்ளினேன். 43 பூக்கள். எண்ணியிருக்க வேண்டாம். ஒரு கன்றில் மட்டும் ஒரு பூவை விட்டுவைத்தேன். மூன்றாம் நாள் அணில் அதைக் காம்போடு கொண்டுபோயிற்று. அம்மம்மாதான் அனுப்பியிருப்பா.

நவம்பர் கடைசியில் மண் உறையத் தொடங்க, வைக்கல் வாங்கி மூடினேன். மாடில்லாத வீட்டுக்குக் காசு கொடுத்து வைக்கல் வாங்கியவன் எங்கள் பரம்பரையில் நான்தான்.

அடுத்த ஜூனில் ஒரு சட்டி நிறையப் பழம். சரி, இனி நானும் இந்த ஊர்க்காரன்தான் என்று ஒன்றை வாயில் போட்டேன். இனிப்புத்தான். ஆனால் உதட்டை நக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பாலைப்பழம் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ள, எண்ணெய் தடவி விடுவிப்போமே, அந்த மாதமும் இதுதானே.

ராஸ்பெரி எங்கள் வாழையின் இனசனம். போன வருடத் தடி இந்த வருடம் காய்த்துச் சாகும், பக்கத்தில் குட்டி கிளம்பும். மூன்றாம் வருடம் நாலு குட்டிகள் வேலிக்கு அடியால் போய்க் கிழவரின் புல்லில் தலைகாட்டின. அவர் கூப்பிட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. இரவோடு இரவாகக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டு, அதற்காகக் கோர்ட் வரை போனவர்களின் ஊர் அல்லவா! இறுகிய முகத்தோடு போனேன். குட்டிகளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார் மனிதர்.

இதையும் அம்மாவிடம் சொன்னேன். இந்த முறை அவ அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

"இஞ்ச மேற்கு வேலியும் மதிலாப் போச்சு மோனை" என்றா. "இனிக் குட்டி எங்காலை போறது."