மனை பார்க்கும் பாடம்

செப்டம்பர் 8

பதினொன்றாம் வகுப்புப் புவியியல் பிள்ளைகளிடம் நானே வரைந்த ஒரு பள்ளத்தாக்கு வரைபடத்தைக் கொடுத்தேன். அதில் நான்கு மனைகள். வீடு கட்ட எதை வாங்குவீர்கள்? பெரும்பாலோர் ஓடைக்கரைச் சமதளத்தைத்தான் எடுத்தார்கள். ரோடு பக்கம், தண்ணீர் பக்கம், மண் வெட்டும் செலவு மிச்சம். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். நீலகிரியில் சமமான நிலம் கிடைத்தால் யார் விடுவார்கள்? அந்த நிலம் எப்படிச் சமமானது என்று கேட்டேன். “ஓடை கொண்டுவந்து போட்ட மண், டீச்சர்” என்றாள் ஒருத்தி. சரி, இனி அங்கிருந்தே தொடங்கலாம்.

செப்டம்பர் 10

மழைக் கணக்கு. 2009 நவம்பரில் கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மி.மீ. பெய்தது. மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 1,400தான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழைக்குப் பயப்பட வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகைக்கு.

செப்டம்பர் 15

“நூறாண்டு வெள்ளம்” என்றால் நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் அது வர 1 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். பையில் 99 வெள்ளை மணி, 1 சிவப்பு. எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட வேண்டும். வீட்டுக்கடன் காலம் 30 ஆண்டு என்று வைத்து, ஆண்டுக்கு ஒன்றாக 30 முறை எடுக்கச் சொன்னேன். எட்டுக் குழுக்களில் மூன்றுக்குச் சிவப்பு வந்தது. கணக்குப்படி 30 ஆண்டில் வாய்ப்பு 26 சதவீதம். சிவப்பு வந்த ஒரு குழு அப்புறமும் விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தது. மறுபடி வருமா என்று பார்க்கிறார்களாம். வரலாம்; போன வருஷம் வந்ததை மழை கணக்கில் வைப்பதில்லை.

செப்டம்பர் 19

வெள்ளம் வந்துபோன தடங்களைத் தேடி ஓடையோரமாக நடந்தோம். சுவரில் பழைய சேற்றுக்கோடு, வேலிக்கம்பியில் சிக்கிய துணியும் பிளாஸ்டிக்கும், கேரட் தோட்டத்து மண்ணில் உருண்டைக் கற்கள். சிறுபாலத்தின் வாயை ஒருவன் டேப் வைத்து அளந்தான். பாதி மண்ணால் அடைத்திருந்தது. மேலிருந்து வரும் தண்ணீர் எல்லாம் அந்த மீதிப் பாதிக்குள் போக வேண்டும்.

அதற்காக மேடெல்லாம் பத்திரம் என்று அவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. சரிவை நெட்டுக்குத்தாக வெட்டி, தடுப்புச் சுவர் இல்லாமல் எழுப்பிய ஒரு வீட்டைக் காட்டினேன். பின்னால் மண் சரியப் போவதன் அறிகுறிகள்: மண்ணில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், புதிதாகக் கசியும் ஊற்று. எதிர்ப்புறம் இருந்த பழைய ஹட்டியை, அதாவது படுகர் மக்களின் ஊரை, பார்க்கச் சொன்னேன். தாழ்வான ஈர நிலத்தை விட்டுவிட்டு, மேட்டில் வரிசையாக வீடுகள். முன்னோர்கள் இடம் பார்த்த விதத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 23

“எங்க வீடே அந்த ஓடைக்கரைலதான் டீச்சர். வாடகை அங்கதான் கம்மி” என்றான் ஒரு பையன். நான்கு மனையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கையில் காசு இருப்பவருக்கான பாடம். அது மட்டும் போதாது. இன்று பாடத்திட்டத்தை ஒதுக்கிவைத்து, இருக்கும் வீட்டில் என்ன செய்யலாம் என்று பேசினோம். ரேஷன் கார்டும் சான்றிதழ்களும் உயரத்தில் இருக்கட்டும். இரவில் மழை வலுத்தால் எந்த மேட்டு வழியாக ஏறுவது, பாட்டியை யார் அழைத்துப் போவது என்று முன்பே பேசி வையுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐச் சுவரில் எழுதுங்கள். சிறுபாலத்தைத் தூர்வாரச் சொல்லி ஒரு மனு எழுதினோம். அன்று டேப் வைத்து அளந்தவன் எடுத்த அளவுகளையும் சேர்த்தோம். ஐப்பசி பிறக்கும்முன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.