பிரதான வீதி முகப்புடன் 40 பேர்ச்சஸ்

கட்டாரில் உழைத்த காசில் ஊரோடு ஒரு ஹாட்வெயார் கடை போடுவதென்று மச்சான் முடிவெடுத்தபோது, காணி கிடைப்பது கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. கிடைத்த காணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்பதையும் யாரும் சொல்லவில்லை. தரகர் தந்த துண்டில், ‘ஏ4 பிரதான வீதி முகப்பு, 40 பேர்ச்சஸ், தெளிவான உறுதி, வர்த்தக நிலையத்துக்கு மிக உகந்தது’ என்று இருந்தது. 40 பேர்ச்சஸ் என்றால் கால் ஏக்கர், அதாவது 10,890 சதுர அடி. கடை கட்டிய பிறகும் சீமெந்து இறக்கும் லொறி திரும்ப இடம் மிஞ்சும் என்று மச்சான் மனக்கணக்குப் போட்டுவிட்டார்.

மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றுப் பக்கம் போய் இறங்கியபோது, வீதி முகப்பு உண்மையாகவே இருந்தது; அதன் அகலம் பத்தடி. இரண்டு கடைகளின் சுவர்களுக்கு நடுவே இருநூறடி நீளத்துக்கு ஓடிய அந்த ஒழுங்கையும் விற்பனைக்குரிய 40 பேர்ச்சஸுக்குள் அடக்கம் என்பதைத் தரகர் மிகவும் பெருந்தன்மையோடு தெரிவித்தார். கணக்குப் பார்த்தால் ஏழு பேர்ச்சஸுக்கு மேல் அங்கேயே முடிந்துவிட்டது.

ஒழுங்கை முடிந்த இடத்தில் பசுமையான வளவொன்று விரிந்தது. ஆவணி வெயிலில் நிலம் காய்ந்து வெடித்திருந்தபோதிலும், அங்கே நின்ற தென்னைகள் அனைத்திலும் இடுப்பளவு உயரத்தில், மட்டம் வைத்துக் கீறியது போல ஒரே சீராகச் சேற்றுக்கோடு ஓடியிருந்தது. அது என்னவென்று மச்சான் கேட்டார்.

“அது கறையானுக்குப் பூசின மருந்து, தம்பி.”

சற்றுத் தள்ளி எல்லைக் கல்லில் கயிறு கட்டி ஒரு தோணியும் கிடந்தது. அதைப் பக்கத்து வளவுக்காரர் நிழலுக்காக இழுத்து வைத்திருப்பதாகத் தரகர் விளக்கினார். அந்த இடத்தில் நிழல் என்று ஏதாவது இருந்திருந்தால் நாங்களே போய் நின்றிருப்போம்.

அப்போது அத்தாங்கோடு அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், எங்களைப் பொருட்படுத்தாமல் தரகரிடம் மிகுந்த அக்கறையோடு சொன்னார்: “மாரிக்கு முன்னம் வித்துப் போடு, தம்பி. மறுகா அளக்கிறதெண்டா உனக்கும் ஒரு தோணி வேணும்.”

இருந்தும் மச்சான் நம்பிக்கை இழக்கவில்லை. உறுதியின் பிரதியை வாங்கி நொத்தாரிசிடம் கொடுத்தார். அதில் மேற்கு எல்லை ‘வாவி’ என்று எழுதப்பட்டிருந்தது. மற்ற மூன்று எல்லைக்காரர்களும் வேலி போட்டால் போட்ட இடத்தில் நிற்பவர்கள். இவரோ மழைக்கு மழை வீட்டுக்குள் வந்து போகும் எல்லைக்காரர். போதாக்குறைக்கு, அந்த உறுதி ஏறக்குறைய பாதி நிலத்துக்குத்தான் இருந்தது. எஞ்சியது பேமிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அத்தகைய காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது என்று நொத்தாரிசு நிதானமாக எடுத்துச் சொன்னார். தரகரோ, உறுதி இருக்கும் பாதிக்கு அது தெளிவாகத்தானே இருக்கிறது என்று வாதாடினார். அந்த வாதத்தில் எனக்குக் குறை காண முடியவில்லை.

கடற்கரைப் பக்கம் ஒரு துண்டு இருப்பதாகவும் அவர் அடுத்து ஆசை காட்டினார். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்று 1981ஆம் ஆண்டின் சட்டம் சொல்வதால், அங்கே கட்டடம் எழுப்ப முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும் என்பதையும் நொத்தாரிசுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போதைக்கு மச்சான் களுவாஞ்சிகுடியில் வாடகைக்குக் கடை பார்த்திருக்கிறார். ஆனால் தரகர் அவரை விட்டபாடில்லை. நேற்றும் அழைத்து, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் முழுக்க உறுதிக் காணி, நல்ல மேட்டு நிலம், எந்த மாரிக்கும் தண்ணீர் நிற்காது என்று அடுக்கினார். மச்சான் விலையைக்கூடக் கேட்காமல், “அங்க ஆனை வாறதா, அண்ணன்?” என்றுதான் கேட்டார்.

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை.

“கடை திறக்கிற நேரத்தில வராது, தம்பி.”