ஓடில்லா முட்டையும் ஓடுள்ள முட்டையும்

தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. வழுவழுப்பான ஜெல்லி மட்டும்தான். ஈரம் போனால் முட்டையும் போயிற்று. அப்படியிருந்தும் பல இனங்கள் மழைநீர் தேங்கும், சீக்கிரம் வற்றும் குட்டைகளையே தேடிப்போகின்றன. காரணம், அங்கே மீன் இல்லை. கொசுவை ஒழிக்கிறேன் என்று அதில் மீன் விடுவதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. முட்டையையும் தலைப்பிரட்டையையும் அது விட்டுவைக்காது. நீர் வேகமாக வற்றினால் பல இனங்களின் தலைப்பிரட்டைகள் அவசரமாக உருமாறிக் கரையேறும். ஆனால் உடல் சிறுத்திருக்கும்.

நன்னீர் ஆமை முட்டையிடக் கரைக்கு வரும். பின்னங்கால்களால் குழி தோண்டி, இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். பல இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. செங்காது ஆமைக்கு எல்லை சுமார் 29 டிகிரி செல்சியஸ்: அதற்குக் கீழே பெரும்பாலும் ஆண், மேலே பெண். கரையோர நிழலை வெட்டினால் இந்தக் கணக்கே மாறிவிடும். (மென்னோட்டு ஆமைகளில் வெப்பம் ஆண் பெண்ணைத் தீர்மானிப்பதில்லை.)

வெள்ளத்தில் மூழ்கும் ஆமைக் கூட்டை (முட்டையிட்ட குழியை), அனுமதி பெற்று இடம் மாற்றுவோர் முட்டையின் மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, அந்தப் பக்கம் மேலேயே இருக்கும்படி எடுக்க வேண்டும். கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிய பிறகு புரட்டினால் இறந்துவிடக்கூடும்.