நரம்பு என்று எழுதியதால் போன ஒரு மாதம்

மூன்று மாதம் பார்த்துப் பார்த்து எழுதிய நீள நோட்டு ஒன்று என் லாக்கரில் கிடக்கிறது. 62 நோயாளிகளின் கணக்கு. எந்தக் கை, எத்தனை நம்பர் வென்ஃப்ளான் (குளுக்கோஸ், மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் போட்டு வைக்கும் ஊசி), எந்த நேரம் போட்டது, எப்போது சிவந்தது என்று நைட் டூட்டியில்கூட விடாமல் எழுதியது. அதில் ஒரு வரிகூட என் ஆய்வில் சேரவில்லை. ஆய்வில் சேரும் நோயாளிகளின் நலனைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதிக்கு முன்னால் எடுத்த தகவல் என்று சொல்லிவிட்டார்கள். வார்டில் ஆய்வு செய்ய இறங்கப்போகிற சிஸ்டர்கள் யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு இன்சார்ஜ். போன வருடம் எங்கள் நிர்வாகம், மருத்துவமனைகளின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எச்.சின் நர்சிங் எக்ஸலன்ஸ் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தது. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம் கூப்பிட்டு, "உன் வார்டிலிருந்து ஒரு ரிசர்ச் வேணும்மா" என்றார். எதைப் பற்றி என்று நான் யோசிக்கவே இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர், திரும்பி வந்து கையை நீட்டிக் காட்டியிருந்தார். வென்ஃப்ளான் போட்ட வலது முன்கையில் ரத்தக்குழாய் கயிறு மாதிரி தடித்து, தொட்டாலே முகம் சுளிக்கும் அளவுக்கு வலி. "ஆக்ஸிலேட்டரைத் திருக முடியல சிஸ்டர், வண்டி நாலு நாளா வீட்ல நிக்குது" என்றார். காய்ச்சலுக்கு வந்தவருக்கு நாங்கள் கொடுத்தனுப்பியது அந்த வலி.

எங்கள் வழக்கம் 72 மணி நேரம். அந்த நேரம் வந்துவிட்டால் நன்றாக இருக்கிற ஊசியையும் எடுத்துவிட்டு இன்னொரு கையில் குத்துவோம். மோசமாகிக்கொண்டிருக்கும் ஊசியோ, நேரம் ஆகவில்லை என்று அப்படியே இருக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிளேர் ரிக்கார்ட் என்ற நர்சிங் பேராசிரியர் தலைமையில் 3,283 பேரிடம் இதைச் சோதித்து 2012இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். நேரம் பார்த்து மாற்றினாலும், தேவை பார்த்து மாற்றினாலும் பிளெபைடிஸ் (ஊசி போட்ட ரத்தக்குழாய் சிவந்து வீங்கி வலிப்பது) 7 சதவீதம்தான். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் வார்டில் ஷிப்டுக்கு ஒரு முறை வி.ஐ.பி. ஸ்கோர் (ஊசி போட்ட இடத்தின் சிவப்பு, வீக்கம், வலியைப் பார்த்துப் போடும் மதிப்பெண்) பார்த்து, 2 வந்தால் உடனே மாற்றுவது, இல்லையென்றால் விட்டுவிடுவது. இதுதான் என் ஆய்வு.

எங்கள் டாக்டர் ஒருவர், "சர்டிபிகேட்டுக்கு ஒரு ஃபைல் போட்டாப் போதுமேம்மா, நர்ஸுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டார். நல்ல மனிதர், மனத்தில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த அங்கீகாரங்களுக்கெல்லாம் மூத்தது, நர்சிங் தரத்துக்காக மருத்துவமனைகளுக்குத் தரும் அமெரிக்காவின் மேக்னெட், அதாவது காந்தம். அது பிறந்ததே ஓர் ஆய்விலிருந்துதான். நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்த காலத்தில், சில இடங்களில் மட்டும் நர்ஸ்கள் வேலையை விட்டுப் போகாமல் இருப்பது ஏன் என்று தேடினார்கள். 163 மருத்துவமனைகளைப் பார்த்து, அதில் 41ஐக் காந்தம் என்று சொன்னது 1983இல் வந்த அந்த அறிக்கை. 1994இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனை முதல் மேக்னெட் ஆனது. இன்றைக்கும் அந்த அங்கீகாரத்துக்கு நர்ஸ்கள் செய்த ஆய்வைக் காட்டியாக வேண்டும். டாக்டரிடம் இதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டார். அப்புறம் அவரே என் புரோட்டோக்காலை, அதாவது ஆய்வுத் திட்டத்தை, திருத்திக் கொடுத்தார்.

சரி, எங்கே இடறினேன் என்று சொல்கிறேன். எங்களுக்குச் சொந்த எத்திக்ஸ் கமிட்டி கிடையாது. ஒப்பந்தம் போட்டு, பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் கமிட்டிக்குப் போக வேண்டும். முதல் முறை போனபோது அலுவலகத்தில் இருந்தவர் ஃபைலைத் திறக்கவே இல்லை. முதல் பக்கத்தில் முதன்மை ஆய்வாளர் (பி.ஐ.) என்று என் பெயரைப் பார்த்துவிட்டு, "பி.ஐ. டாக்டராத்தான் இருக்கணும். ஒரு டாக்டர் பேரைப் போட்டுட்டு வாங்க" என்று தள்ளிவிட்டார். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலை எடுத்துப் படித்தால், ஆய்வாளருக்குத் தகுதியும் பயிற்சியும் வேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, ஆய்வை ஒழுங்காக நடத்துவதற்கான ஜி.சி.பி. பயிற்சிச் சான்றிதழையும் வைத்து மறுபடி போனேன். இந்த முறை உறுப்பினர் செயலரையே பார்த்துக் கொடுத்தேன். ஒரு கேள்வியும் இல்லாமல் வாங்கிக்கொண்டார். ஆகவே, கவுன்டரில் சொல்வதைக் கேட்டு உங்கள் பெயரை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது கூட்டம். லீவு போட்டு, விடியற்காலை பஸ் பிடித்துப் போய் 11 மணி வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். "கோரம் இல்லை, அடுத்த மாதம்" என்றார்கள். குறைந்தது ஐந்து பேர் வேண்டும், அதில் வெளியாள் ஒருவராவது இருக்க வேண்டும். அன்றைக்கு நான்கு பேர்தான். ஒரு போன் செய்திருக்கலாம். அதன் பிறகு முந்தைய நாள் மாலையே நான் கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன்.

அந்த ஒரு மாதம் போனதே என்று இருந்தால், அடுத்த கூட்டத்தில் இன்னொரு மாதம் போனது. இதற்குக் காரணம் ஒரு சொல். தமிழ் ஒப்புதல் படிவத்தை முதலில் அகராதி பார்த்து "புறச்சிரை", "சிரையழற்சி" என்று எழுதியிருந்தேன். எங்கள் ஆயா அக்காவிடம் படித்துக் காட்டினேன். "யாருக்கு என்ன வியாதின்னே புரியலயே பாப்பா" என்றார். உடனே எல்லாவற்றையும் பேச்சு வழக்குக்கு மாற்றினேன். நம் ஊரில் எல்லோரும் நரம்பு ஊசி என்றுதானே சொல்கிறோம், நானும் "நரம்பில் போடும் ஊசி" என்று எழுதினேன். ஆனால் அந்தப் படிவத்தை வேறொருவர் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்துத் தர வேண்டும். அவர் நரம்பை வெயின் என்று போடாமல் நெர்வ் என்று போட்டுவிட்டார்! கமிட்டியில் இருந்த வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நெர்வில் எதற்கு ஊசி போடுகிறீர்கள்?" என்று கேட்டார். டாக்டர்களுக்குப் புரிந்தது. ஆனால் ஆவணம் ஆவணம்தான், திருத்தி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவா என்றார்கள். கடைசியில் "குளுக்கோஸ் ஏற்றுவதற்காகக் கையில் உள்ள ரத்தக்குழாயில் போடும் ஊசி" என்று எழுதினோம். ஆயா அக்காவுக்கும் புரிந்தது, வழக்கறிஞருக்கும் புரிந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் நீள நோட்டின் கதையும் முடிந்தது. ஏற்கெனவே 62 பேரைப் பார்த்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். தலைவர் அமைதியாக, "அவங்க யார்கிட்டயாவது கேட்டீங்களாம்மா?" என்றார். கேட்கவில்லை. வார்டின் தர மேம்பாட்டுக் கணக்காக வைத்துக்கொள்ளலாம், ஆய்வாக வெளியிட முடியாது என்றார். இன்றைக்கும் வலிக்கிறது, ஆனால் அவர் கேட்டது நியாயம்.

அனுமதிக் கடிதம் வந்ததும், இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு. காசு கிடையாது. மருந்துச் சோதனைக்கு மட்டும்தான் அது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நர்சிங் நடைமுறையை மாற்றிப் பார்ப்பதும் அதில் வரும். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னால் பதிவு செய்தால்தான் ஏற்பார்கள். நான் பதிவில் முதல் நோயாளியைச் சேர்க்கப்போகும் தேதியை ஒரு வாரம் தள்ளித்தான் போட்டேன். அவர்கள் விளக்கம் கேட்டு, நான் பதில் எழுதுவதற்குள் அந்தத் தேதி தாண்டிவிட்டது, மாற்ற வேண்டியதாயிற்று. தாராளமாக இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள்.

கைநாட்டு வைப்பவர்களுக்குச் சாட்சி வேண்டும். ஆய்வில் இருக்கும் நர்ஸ் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. பக்கத்துக் கட்டில் நோயாளியுடன் இருப்பவரைக் கேட்டால் போடுவார். எங்கள் முதல் ஒப்புதலே கைநாட்டுதான். அந்தப் பாட்டி முழுதும் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கிற ஊசியைப் புடுங்க மாட்டியே, அது போதும்" என்று விரலை நீட்டினார்.

என்.ஏ.பி.எச். அசெஸ்ஸர் வந்த அன்று மற்ற எல்லாம் ஒழுங்காகப் போனது. என் ஆய்வு ஃபைலை இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்தார். அப்புறம் நேராக 14ஆம் கட்டிலுக்குப் போய், சேர்ந்து ஒன்றரை மாதம்கூட ஆகாத பிள்ளையிடம், "இந்த ஊசியை எப்போ மாத்துவீங்க?" என்று கேட்டார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் குனிந்து, டிரெஸ்ஸிங்கின் மேலாக விரலால் தடவி, நோயாளியிடம் "வலிக்குதாங்கய்யா?" என்று கேட்டாள். பிறகு நிமிர்ந்து, "சிவப்பு இல்ல, வீக்கம் இல்ல, வலியும் இல்லங்கறார். ஸ்கோர் ஜீரோ மேடம். இப்ப மாத்த மாட்டோம். ரெண்டு வந்தா உடனே மாத்துவோம்" என்றாள். கேட்டவர் வேறொன்றும் கேட்காமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

சான்றிதழ் வந்துவிட்டது. ஆய்வு இன்னும் ஓடுகிறது. வருடத்துக்கு ஒரு முறையாவது கமிட்டிக்கு நிலை அறிக்கை கொடுக்க வேண்டும், விட்டால் அனுமதி போகலாம். அந்தத் தேதியை நர்ஸிங் ஸ்டேஷன் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.