ஓதம் ஏறும் நேரத்தில் உள்ளான்கள்

காட்டில் பறவை பார்த்துப் பழகியவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படிப் பழகியவன்தான். கடலோரச் சதுப்பில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே உள்ளான் போன்ற கரையோரப் பறவைகள் இரை தேடுவதும் ஓய்வெடுப்பதும் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பொறுத்தது. நீர் வற்றிக் கிடக்கும்போது போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். பறவைகள் அதன் கடைசி ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எவ்வளவு நல்ல தொலைநோக்கி இருந்தாலும் வெயில் ஏறியபின் கானலில் எதுவும் பிடிபடாது.

அதனால் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். நீர் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்பே போய், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துவிட வேண்டும். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் இன்னும் அதிகம் ஏறி, சேறு முழுவதும் மூழ்கிவிடும். அப்போது பறவைகள் தாமாகவே நம் பக்கம் வந்து சேரும். அவற்றைத் தேடி நாம் நடக்க வேண்டியதே இல்லை.

போன பௌர்ணமிக்கு மறுநாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஓடைகளில் நீர் நிரம்பியது, அப்புறம் ஓடைக் கரைகள் கரைந்து காணாமல் போயின. முன்னால் வந்தது ஒரு சாம்பல் உப்புக்கொத்தி. நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், ஒரே கொத்து. பெரிய கண், குட்டை அலகு. கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் பறவை என்பது அந்த முகத்திலேயே தெரியும். அது பறந்தபோது சிறகுக்கு அடியில் அக்குளில் அந்தக் கறுப்புத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. தூரத்திலேயே இதை அடையாளம் காண அது ஒன்று போதும்.

அதற்குப் பக்கத்திலேயே பட்டைவால் மூக்கன் ஒன்று. பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். பெண்ணுக்கு அலகு நீளம், அதனால் ஆணைவிட ஆழமான நீரில் நின்று மேயும். லேசாக மேல்நோக்கி வளைந்த அந்த அலகைக் கண்வரைக்கும் சேற்றில் இறக்கிவிட்டு அப்படியே நின்றது. இந்த இனத்துக்கு அலகின் நுனியில் தொடு உணர்வு மிக அதிகம். சேற்றுக்குள் அலகை முழுக்கத் திறக்காமல், நுனியை மட்டும் திறந்து இரையைக் கவ்வவும் முடியும். கொஞ்ச நேரத்தில் ஒரு கடற்புழுவின் தலை வெளியே வந்தது. மூக்கன் வெடுக்கென்று இழுக்கவில்லை. இழுத்து, நிறுத்தி, புழு தளர்ந்ததும் மறுபடி இழுத்தது. அறுந்துவிடாமல் முழுப் புழுவும் வந்தபின் நீரில் ஒரு அலசு அலசி விழுங்கியது. ஸ்கோப்பில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூச்சுவிடக்கூட மறந்திருந்தேன்.

இந்தப் புழுக்கள் எல்லாம் எதற்குத் தெரியுமா? 2022-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு இளம் பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 11 நாட்கள் பறந்தது. சுமார் 13,560 கிலோமீட்டர்! வழியில் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. கிளம்புவதற்கு முன்பு உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொள்கிற பறவை இது. அத்தனை தூரத்துக்கும் தேவையான எரிபொருள், ஏதோ ஒரு கரையின் சேற்றிலிருந்து ஒவ்வொரு புழுவாக எடுத்ததுதான்.

அன்று நீர் உச்சத்தில் இருந்தபோது, பறவைகள் எல்லாம் ஒரு மணல் திட்டில் காற்றுக்கு முகம் கொடுத்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன. கேமராவோடு ஒருவர் நேராக அதை நோக்கி நடந்தார். கூட்டம் மொத்தமும் எழும்பியது. சுற்றிச் சுற்றிப் பறந்து, இறங்க இடம் தேடி அலைந்தது. படம் நன்றாக வந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பறவைகளுக்கு நின்று ஓய்வெடுக்க வேறு இடம் இல்லாத நேரம் அது. மேய்கிற பறவை தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தாலே நாம் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்று, மெதுவாகப் பின்வாங்க வேண்டும்.

இடம் என்பது அவற்றுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு தென்கொரியாவின் சேமான்கும் கழிமுகமே சாட்சி. அதைக் கடலிலிருந்து பிரிக்கும் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006-இல் மூடப்பட்டது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடலின் கரைகளில் சேற்று நிலங்கள் இப்படி அழிந்துவந்ததால், அவற்றை நம்பியிருந்த கிரேட் நாட் என்ற உள்ளான் 2015-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதே கடலின் கரைகளில் மிச்சமிருக்கும் சில இடங்கள் 2019-இல் சீனாவிலும் 2021-இல் தென்கொரியாவிலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது எனக்கு உண்மையாகவே பெரிய ஆறுதல்.

சரி, நீங்கள் போகும்போது ஒன்று செய்யுங்கள். நிற்கிற கூட்டத்தில் கால்களை மட்டும் ஒரு முறை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பறவையை அடையாளம் காண ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ சிறு கொடியோ தெரிந்தால் நிறம், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். 1995-இல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் ஒரு ரெட் நாட் உள்ளானுக்கு வளையம் போட்டார்கள். பின்னர் அதன் கொடியில் பி95 என்று எழுதப்பட்டது. 2014-இலும் அது உயிரோடு இருந்தது நமக்குத் தெரியும் என்றால், கரையில் உட்கார்ந்து கொடியைப் படித்துத் தகவல் அனுப்பியவர்களால்தான். எழுத்து பாதிதான் தெரிந்தாலும் பரவாயில்லை, தெரிந்ததை அப்படியே அனுப்புங்கள். ஊகித்து மட்டும் நிரப்பாதீர்கள்.