கோமாளி மீனைப் புராஜெக்ட்டாக எடுக்கிறவர்களுக்கு

எம்.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டுக்குக் கோமாளி மீன் இனப்பெருக்கத்தை எடுக்கப்போகிறேன் என்று சொல்கிற ஜூனியர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "அக்கா, ஜோடி எங்கே கிடைக்கும்?" என்பதுதான். சென்னை கொளத்தூர் அலங்கார மீன் கடைகளிலேயே கிடைக்கும். கடைசியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம் அது. நல்ல தண்ணீரும் தீனியும் கொடுத்தால் கோமாளி மீன் வீட்டுத் தொட்டியில் முட்டையிட்டுவிடும். முட்டை பொரித்த பிறகு வரும் முதல் பத்து நாளில் குஞ்சு எதைத் தின்னும் என்பதில்தான் புராஜெக்ட் தேறுவதும் தொங்குவதும். அதனால் வேலையைத் தலைகீழ் வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாசி, அப்புறம் அதைத் தின்னும் ரோட்டிஃபர் என்கிற நுண்விலங்கு, அதற்குப் பிறகுதான் மீன். எங்கள் கல்லூரியில் கடல்நீர் வசதி கிடையாது. நான் முழுவதையும் வீட்டில்தான் செய்தேன், இந்த வரிசையில்தான் செய்தேன்.

காரணம் வாயின் அளவு. பொரித்த குஞ்சு 3 முதல் 4 மி.மீ. நீளம்தான் இருக்கும். கருவுணவும் அதனிடம் மிச்சம் அதிகம் இருக்காது, சீக்கிரமே இரை தேட ஆரம்பித்துவிடும். மீன் கடையில் கிடைக்கும் ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சு 400 மைக்ரானுக்கு மேல் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.), அந்த வாய்க்குப் பெரிது. பிராக்கியோனஸ் பிளிகாட்டிலிஸ் என்கிற ரோட்டிஃபர் சுமார் 130 முதல் 340 மைக்ரான், அதுதான் முதல் சாப்பாடு. அந்த ரோட்டிஃபர் உயிரோடு இருக்க 2 முதல் 4 மைக்ரான் அளவுள்ள நானோகுளோராப்சிஸ் பாசி வேண்டும். இந்தச் சங்கிலி பின்னாலிருந்து தயாராக இருந்தால் முட்டை எப்போது வந்தாலும் பயமில்லை.

பாசி வளர்ப்பது சுலபம், சுத்தம்தான் கஷ்டம். தாய்க் கல்ச்சர் ஒன்று வாங்கி, கிருமி நீக்கிய கடல்நீரில் கில்லார்டின் எஃப்/2 ஊட்டக்கரைசல் சேர்த்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் காற்று விட்டு வையுங்கள். இளம்பச்சை கரும்பச்சையாக மாறுவதைப் பார்த்தாலே வளர்ச்சி தெரியும். ப்ளீச்சிங் போட்டுச் சுத்தம் செய்தால் சோடியம் தயோசல்ஃபேட் போட்டுக் குளோரினை நீக்கிவிட்டுத்தான் பாசியை ஊற்ற வேண்டும். பாசி பாட்டிலையும் ரோட்டிஃபர் வாளியையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். கை வழியாகவோ காற்றுக் குழாய் வழியாகவோ நாலு ரோட்டிஃபர் பாசிக்குள் போனால் போதும், கொஞ்ச நாளில் பச்சையே இருக்காது.

ரோட்டிஃபருக்கு உப்பு 20 முதல் 25 பிபிடி (ஆயிரத்தில் இத்தனை பங்கு) போதும். ஏர் ஸ்டோன் வேண்டாம், வெறும் குழாயிலிருந்து பெரிய குமிழி மெதுவாக வந்தால் சரி. தினமும் ஒரு மில்லியை எடுத்து, அவை அசையாமலிருக்க ஒரு சொட்டு லுகால் அயோடின் விட்டு, செட்ஜ்விக் ராஃப்டர் செல் என்கிற கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியில் எண்ணுங்கள். எண்ணும்போது மொத்தத்தோடு நிறுத்திவிடாமல், எத்தனை முட்டை சுமக்கின்றன என்பதையும் குறியுங்கள். மொத்த எண்ணிக்கை நன்றாகவே தெரியும்போதே முட்டைக்காரிகள் குறைகிறார்கள் என்றால் அந்த வாளி சரியப்போகிறது என்று அர்த்தம். எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட வாளி இருக்கட்டும், ஒன்று சரிந்தால் மற்றது காப்பாற்றும். இந்தக் குறிப்புகளே பின்னால் உங்கள் ஆய்வேட்டில் ஒரு முழு அட்டவணையாகும், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் மதிப்பும் கிடைக்கும்.

இப்போது மீனுக்கு வரலாம். இனம் ஆம்ஃபிப்ரியான் ஒசெல்லாரிஸ், பண்ணையில் பிறந்ததாகப் பார்த்து வாங்குங்கள். எல்லாக் கோமாளி மீனும் முதலில் ஆணாக முதிர்ந்து, கூட்டத்தில் பெரியதும் அதிகாரம் செலுத்துவதுமான ஒன்று மட்டும் பெண்ணாக மாறும். பெண் செத்தால் அடுத்த இடத்திலிருக்கும் ஆண் பெண்ணாகிவிடும். ஜெர்மன் உயிரியலாளர் ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் இணையாசிரியரும் 1977இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை இதைப் பற்றியது. அதை ஒரு தடவையாவது வாசித்துவிட்டுப் போங்கள், தேர்வாளர் இந்தப் பக்கம் வராமல் இருக்கமாட்டார். நடைமுறையில் இதன் பலன், ஒரு பெரியது ஒரு சிறியது என்று இரண்டு குட்டி வாங்கினாலே ஜோடி அமைந்துவிடும். ஆனால் அவை முதிர்ந்து முட்டையிட ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம். கல்லூரி நாட்காட்டி அதுவரை காத்திருக்காது. அதனால் காசு கொஞ்சம் கூடினாலும் சேர்ந்துவிட்ட ஜோடியாகவே வாங்குவது நல்லது.

தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், 26 முதல் 28 டிகிரி வெப்பம், சாய்த்து வைத்த ஒரு மண்சட்டி அல்லது டைல்ஸ் துண்டு. கடல் அனிமோன் கட்டாயமில்லை, அது இல்லாமலேயே முட்டையிடும். அழகுக்காகப் பவளத்துண்டு வாங்கி வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கடினப் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. விலங்கியல் படித்துவிட்டு அதில் மாட்டுவது நன்றாக இருக்காது. தீனிக்கு நறுக்கிய இறால், மட்டிச் சதை, மீன் சினை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

ஆண் மீன் சட்டியை வாயால் தேய்த்துத் துடைக்க ஆரம்பித்தால் முட்டை வரப்போகிறது. முதல் ஈடுகளை அவையே தின்றுவிடுவது சகஜம், அதற்காக ஜோடியை மாற்ற வேண்டாம். சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி இடும். முட்டை முதலில் ஆரஞ்சு, பிறகு பழுப்பு, கடைசியில் வெள்ளி நிறத்தில் கண்கள் மின்னும். 28 டிகிரியில் பொரிக்க ஏறக்குறைய ஏழு நாள். கண் மின்னும் அன்று மாலை, டைல்ஸை அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய, பக்கங்களில் கறுப்பு ஒட்டிய சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். முட்டைகளை உரசியும் உரசாமலும் குமிழிகள் போகும்படி ஏர் ஸ்டோனை வைத்து, விளக்கை அணைத்துவிடுங்கள். இருட்டி ஓரிரு மணி நேரத்தில் பொரித்துவிடும். பொரிப்பது இருட்டில்தான், நடுவில் டார்ச் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து மில்லிக்குப் பத்து ரோட்டிஃபர் என்ற கணக்கைக் குறையாமல் வைக்க வேண்டும். தண்ணீரில் லேசாகப் பாசி கலந்து பச்சை இருந்தால் ரோட்டிஃபர் பட்டினி கிடக்காது, வெளிச்சமும் மட்டாக இருக்கும். அம்மோனியாதான் இந்த நாட்களின் எதிரி. மெல்லிய குழாயால் அடிக்கசடை உறிஞ்சி, அதே வெப்பமும் உப்பும் உள்ள நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஐந்தாறு நாளில் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவைக் கொஞ்சம் கலக்கலாம், ஆனால் ரோட்டிஃபரைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. எட்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள் உருமாற்றம் தொடங்கும். தலைக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை தெரியும், நடுநீரில் மிதந்தவை அடியிலும் ஓரத்திலும் ஒதுங்கும். நிறையச் சாவதும் இந்த நாட்களில்தான். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. குஞ்சுக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில், நானோகுளோராப்சிஸில் இபிஏ நிறைய, டிஹெச்ஏ மிகக் குறைவு. ஐசோகிரைசிஸ் பாசியைச் சேர்த்தோ செறிவூட்டும் எண்ணெய்க் கரைசல் கொடுத்தோ ரோட்டிஃபரை முதலில் ஊட்டப்படுத்தினால் உருமாற்றத்தைத் தாண்டும் குஞ்சுகள் கூடும். என் வைவாவில் அதிக நேரம் ஓடியது இந்த ஒரு விஷயத்தில்தான்.

புராஜெக்ட் தலைப்பைச் சின்னதாக வையுங்கள். "கோமாளி மீன் இனப்பெருக்கம்" என்பது தலைப்பே இல்லை. பச்சைநீர் இருந்தால், இல்லாவிட்டால் என்ற ஒரு வித்தியாசத்தை மட்டும் எடுத்து, ஒரே ஈட்டுக் குஞ்சுகளைச் சின்னச் சின்னக் கலன்களில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மறுபிரதி (ஒரே மாதிரியான தனித்தனிக் கலன்கள்) வையுங்கள். பிழைப்பு விகிதம் சொல்ல ஆரம்ப எண்ணிக்கை வேண்டும். முட்டைகளை அளவுகோலோடு படமெடுத்து எண்ணிவிட்டு, கலனில் விடும்போது மறுபடி எண்ணுங்கள். ஒரே பெரிய தொட்டியிலிருந்து மூன்று முறை மாதிரி எடுத்துவிட்டு அதை மூன்று மறுபிரதி என்று எழுதினால் புள்ளியியல் தெரிந்த தேர்வாளர் விடமாட்டார்.

படிக்க, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1996இல் வெளியிட்ட உயிர் உணவுக் கையேடு இணையத்தில் இலவசம். பாசி, ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா மூன்றுக்கும் அது ஒன்றே போதும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இணையக் களஞ்சியத்தில் அவர்கள் கோமாளி மீன்களில் செய்த வேலைகளும் கிடைக்கும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலையின் கடல் உயிரியல் மையமும் இதே மீன்களில் நிறையச் செய்திருக்கிறது. நம் ஊர் வெயிலிலும் நம் ஊர்த் தண்ணீரிலும் செய்தது என்பதால் வெளிநாட்டுக் கட்டுரைகளைவிட எனக்கு இவைதான் அதிகம் கைகொடுத்தன.

வளர்ந்த குட்டிகளை என்ன செய்வது என்று முன்கூட்டியே கைடிடம் பேசிவிடுங்கள். சில மாதத்தில் கடைக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிடும். பட்டை சரியாக அமையாதவை சில இருக்கும், அவற்றைத் துறைத் தொட்டிக்குக் கொடுக்கலாம். யாராவது கடலில் விடலாமே என்று சொன்னால் கேட்காதீர்கள். ஒசெல்லாரிஸ் அந்தமான் பக்கத்து மீன், சென்னைக் கடலில் அதற்கு வேலையில்லை.